சகாயராணியின் வள்ளம்

கோமதிநாயகம் தன் அறுபத்தொரு வயதில் கடலை நாலு தடவைதான் பார்த்திருக்கிறார். மூன்று தடவை திருச்செந்தூரில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலைக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டு வந்ததுதான். நாலாவது தடவை தூத்துக்குடியில், காணாமல் போன மகனைத் தேடி. மற்ற நாளெல்லாம் சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தத்துக்குள்ளேயே கழிந்து போயிற்று. அப்பேர்ப்பட்ட மனுஷன் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாய்மரக் கப்பல் கட்டினால் தெரு சும்மா இருக்குமா?

"என்னவே, எந்தக் குளத்துல விடப்போறீரு? நம்மூர்க் குளத்துல கணுக்கால் நனையத் தண்ணி கெடையாதே" என்று தறிசெட்டில் ஒருத்தர் கேட்டுவிட்டார். கேட்ட பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. எந்தக் கப்பல் என்று ஊருக்கே தெரியும்.

மகன் பேச்சிராஜாவுக்குத் தறி பிடிக்கவில்லை. கைப்பழக்கம் எல்லாம் உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பாவோடு தறிக்குப் பின்னால் நின்று அறுந்த இழையை முடிந்து விடுவான். ஆனால் டீசல் மெக்கானிக் படித்து முடித்ததும், "இந்தச் சத்தத்துக்குள்ள என்னால கெடந்து சாக முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டுத் தூத்துக்குடிக்குப் போய்ச் சரக்குத் தோணியில் ஏறிவிட்டான். தோணி என்றால் குளத்துத் தோணி இல்லை. நூறடி நீள மரக்கப்பல், என்ஜினும் உண்டு, பாயும் உண்டு. வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வரும். அவன் ஏறிய தோணிக்குச் சகாயராணி என்று பெயர்.

போன கார்த்திகையில் சகாயராணி மூழ்கிவிட்டது. அதில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேரை மாலத்தீவு மீன்படகு ஒன்று தூக்கிக் கரை சேர்த்தது. தண்ணீர் டிரம்மைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்களாம். பேச்சிராஜா மட்டும் வரவில்லை. உடம்பும் வரவில்லை.

தை மாதம் தூத்துக்குடியில் விசாரணை வைத்தார்கள். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். சகாயராணியின் தண்டல் காசி, முப்பது வருஷம் கடலில் கிடந்த மனுஷன், அதிகாரி முன்னால் தலையைக் குனிந்துகொண்டு ஒரே பேச்சுத்தான் பேசினார்.

"மேல்தட்டுல உயிர் காக்குற சின்ன வள்ளம் இருந்துச்சு. அதை அவுக்க முடியலை. எம் பொறுப்பு."

கோமதிநாயகத்துக்கு அங்கேயே ரத்தம் கொதித்தது. முப்பது வருஷத் தண்டலுக்கு ஒரு கயிற்றை அவிழ்க்கத் தெரியாதா? தன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குதித்துவிட்டு, பிள்ளையை விட்டுவிட்டு வந்திருக்கிறான். வேறென்ன? வீட்டுக்கு வந்ததும் மகள் மாரிசெல்வியைக் கொண்டு மனு எழுதினார். காசி இனிமேல் எந்தத் தோணியிலும் காலெடுத்து வைக்கக் கூடாது என்று எழுதச் சொன்னார். அவர் மனைவி இசக்கியம்மாள் அதோடு நிற்கவில்லை. ஊர் எல்லைக் கோவிலுக்குப் போய், ஒரு ரூபாய்க் காசை வெட்டிரும்பால் இரண்டாக வெட்டி, காசியின் பேரைச் சொல்லிப் பீடத்தில் போட்டுவிட்டு வந்தாள். காசு வெட்டிப் போட்டால் குற்றம் செய்தவனைத் தெய்வம் விடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம்.

மனுவை வாங்கிய அதிகாரி நல்ல மாதிரிதான். "வள்ளம் எங்க இருந்துச்சு, பையன் எங்க நின்னான், காட்ட முடியுமாய்யா?" என்று கேட்டார். கோமதிநாயகம் திருதிருவென்று விழித்தார். அணியம், சுக்கான், பருமல் என்று அவர்கள் பேசியது ஒன்றும் அவர் தலையில் ஏறவில்லை. அன்றைக்குத்தான் முடிவு செய்தார். கப்பலையே கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டால் எவன் எதைச் சொல்லி மழுப்ப முடியும்?

தூத்துக்குடியில் தோணி கட்டும் ஓடாவி ஒருத்தர் அளவெல்லாம் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். ஒரு அடிக்குக் கால் அங்குலம் என்று கணக்கு. நூறடித் தோணி இருபத்தைந்து அங்குலத்துக்கு வந்தது. மஞ்சணத்தி மரத்தில் அடிக்கட்டை. அதன்மேல் வளைந்த விலாக்கட்டைகள், முப்பத்திரண்டு. ஒவ்வொன்றையும் கத்தியால் செதுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, காயவிட்டு, அளந்து, பிடுங்கி, மறுபடி ஒட்டினார். மேல்பலகைக்குப் பழைய தேக்கு ஜன்னலை அறுத்தார். பட்டை பட்டையாய் அறுத்த பலகையைச் சோற்றுப்பானை வெந்நீரில் ஊறவைத்து, சூட்டோடு விலாக்கட்டையில் வளைத்து, துணி காயப்போடும் கிளிப்பைக் கொண்டு இறுக்கினார். காலையில் ஆறு மணிக்குத் தறிக்குப் போய் இரண்டு மணிக்கு ஷிப்டு முடித்து வந்தால், சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு இதில் உட்கார்ந்து விடுவார்.

ஆனி கடைசியில் கப்பலின் உடம்பு முடிந்தது. ஆடி பிறந்ததும் செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. மண்ணை வாரிக் கொட்டுகிற வறண்ட காற்று. அதில் பலகைகள் வற்றி வாயைப் பிளந்துவிட்டன. பாதிக் கப்பலைப் பிரித்தார். வெளியே ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போனது, பீப்பிச் சத்தமும் மைக் சத்தமுமாக. கோமதிநாயகம் கதவைச் சாத்திக்கொண்டு இடுக்குகளில் மரத்தூளும் பசையும் அடைத்தார்.

இசக்கியம்மாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவுவாள். மகன் போனதிலிருந்து அவள் வீட்டில் மீன் வாங்குவதில்லை. அழுவதும் இல்லை. காசியை ஏசுவது ஒன்றுதான்.

"அந்தப் பாவி எங்க நின்னான்? காட்டுங்க."

"இங்கன, பின்னால. சுக்கான் பக்கத்துல."

"எம்பிள்ள?"

"அது தெரியலட்டி. வள்ளத்துக்கிட்ட நின்னதா அஞ்சு பேரும் சொல்லுதாவ."

"வள்ளம் எங்க?"

"அது இன்னும் செய்யல. கடைசியிலதான்."

"நல்லாப் பெருசா செய்ங்க. அதிகாரி கண்ணுல படணும். அவன் தண்ணியில்லாமச் சாவணும், பாத்துக்கிடுங்க. தரையில கெடந்து சாவணும்."

கோமதிநாயகம் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். அவருக்கும் அதே ஆசைதான்.

பாய்மரம் நட்ட பிறகுதான் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. மரவேலையில் அவர் கத்துக்குட்டி, நூல் வேலையில் அப்படியில்லை. நாற்பதாம் நம்பர் நூலில் ஆறு இழை சேர்த்து முறுக்கி, தேன்மெழுகில் இழுத்துக் கயிறு திரித்தார். பாய்மரத்தின் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் மும்மூன்று கயிறு இறக்கிக் கட்டினார். பருமல் என்கிற குறுக்குக் கழியைத் தூக்கும் கயிறு, பாயைச் சுருட்டும் கயிறு என்று ஒவ்வொன்றாக ஏற்றினார். மாரிசெல்வி ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். அண்ணன் போனில் அனுப்பியிருந்த படங்களைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுவந்து சுவரில் ஒட்டியிருந்தாள்.

"எப்பா, இந்தக் கயிறு இந்த வளையத்துக்குள்ள போகுது, பாருங்க. நீங்க வெளிய விட்டுட்டிய."

"ஆமால்லா. நீயே அவுத்து மாட்டுட்டி, என் கண்ணுக்குத் தெரியல."

மல்துணியில் பாய் தைத்துக் கொடுத்ததும் அவள்தான். எல்லாம் ஏறி, கயிறெல்லாம் விண்ணென்று நின்றபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்ததற்கே கோமதிநாயகம் தன்னைத் தானே வெறுத்தார்.

கடைசியாக வள்ளம். நாலு அங்குலத்தில் குடைந்து, மேல்தட்டில் வைத்து, குறுக்கே இரண்டு கயிறு போட்டுக் கட்டினார். படத்தைப் பார்க்கவில்லை. ஒரு வள்ளத்தைக் கட்டுவதற்கு என்ன படம்? கை தானாகக் கட்டியது.

மனுவின் பேரில் வைத்த மறு விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் கடையநல்லூரிலிருந்து நியாஸ் அகமது வந்தான். சகாயராணியில் சமையல்காரன். தப்பித்த ஐந்து பேரில் ஒருத்தன், பேச்சிராஜாவுக்குக் கூட்டாளி. துக்கத்துக்கு ஒரு தடவை வந்து, அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவன். கப்பல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லப்பா என்று கோமதிநாயகம் நாலு தடவை போன் பண்ணிய பிறகுதான் வந்தான்.

இசக்கியம்மாள் அவனுக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்தாள். "உங்கம்மா கதீஜம்மா சௌக்கியமா?" என்று கேட்டாள். பக்கத்திலேயே இருந்து நல்லெண்ணெய் ஊற்றினாள். அவன் பிசைந்து பிசைந்து வைத்துக்கொண்டு பாதிக்கு மேல் சாப்பிடவில்லை. அவள் ரேஷன் கடைக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, கோமதிநாயகம் கப்பலை மூடியிருந்த சேலையை எடுத்தார்.

நியாஸ் பார்த்தான். குனிந்து அணியம் என்கிற முன்முனையைப் பார்த்தான், பாயைப் பார்த்தான். "என் அடுப்படியக்கூட வச்சிட்டியளே மாமா" என்று சிரிக்கப் பார்த்தான். அப்புறம் வள்ளத்தைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"என்னப்பா, தப்பா இருக்கா?"

"இல்ல மாமா. சரியாத்தான் இருக்கு." குனிந்தபடியே, "இந்தக் கட்டு யாரு சொல்லி இப்படிக் கட்டுனிய?" என்று கேட்டான்.

"யாரு சொல்லணும்? நாங்க தறியில போடுற முடிச்சுதான். ஏன், தோணியில வேற மாதிரியா?"

நியாஸ் முடிச்சை விரலால் தடவிக்கொண்டே நின்றான். தறிக்காரன் முடிச்சு சின்னதாக, உருண்டையாக, நுனியே இல்லாமல் இருக்கும். இழை அறுந்தால் ஓடிப்போய் முடிந்து, இரண்டு நுனியையும் ஒட்ட நறுக்கிவிட வேண்டும். நறுக்காவிட்டால் அச்சில் சிக்கி, பாவு என்கிற நீளவாட்டு நூல் முழுவதையும் அறுத்துவிடும். தறிக்காரன் பிள்ளைகளுக்கு முடிவதும் நறுக்குவதும் ஒரே வேலை.

"கப்பல்காரன் முழ நீளத்துக்கு வால் விட்டுல்லா கட்டுவான் மாமா" என்றான் நியாஸ். "ஆபத்துன்னா ஒரே இழுப்புல அவுந்துரணும். அவன்... அவனும் இந்த மாதிரிதான் கட்டியிருந்தான்."

"எவன்?"

"பேச்சிதான்."

அடுப்படி வாசலில் நின்ற மாரிசெல்வி அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பழைய கயிறு நைஞ்சு போச்சுன்னு பொறப்படுற அன்னைக்குக் காலையில புது நைலான் கயிறு மாத்துனான். இறுக்கிக் கட்டி, கத்தியால வாலை ஒட்ட நறுக்கி, நெருப்புல சுட்டு ஒட்டியும் விட்டுட்டான். பாக்க அம்புட்டு சுத்தமா இருந்துச்சு. தோணி ஒருச்சாஞ்சப்ப எல்லாரும் வள்ளத்துக்குத்தான் ஓடுனோம். பிடிக்க ஒரு நுனி கெடையாது மாமா. தண்ணியில ஊறி இரும்பா இறுகிட்டு. நான் அடுப்படிக்குக் கத்தி எடுக்க ஓடுனேன். போறதுக்குள்ள அடுப்படியோட என்னையும் அலை தூக்கிட்டுப் போயிட்டு."

"தண்டல்?"

"தண்டல் அவன் இடுப்பைப் பிடிச்சு இழுத்தாரு. நான் தண்ணிக்குள்ள கெடந்து பாக்கேன். 'நான் கட்டுனது, நானே அவுத்துருவேன், நீங்க எல்லாம் போங்க'ன்னு கத்துதான். பல்லால கடிக்கான் மாமா அந்த முடிச்சை. அடுத்த அலை தண்டலையும் தூக்கி எறிஞ்சிட்டு. அவன் கைய எடுக்கலை."

கோமதிநாயகம் கப்பலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஏன்ப்பா இத்தனை நாளு சொல்லல?"

"தண்டல்தான் சொல்லக்கூடாதுன்னுட்டாரு. மௌத்தான பிள்ள பேருல இது வேண்டாம், பெத்தவங்க தாங்க மாட்டாங்க, என்னையே ஏசிட்டுப் போகட்டும்னாரு. நீங்களே அதைக் கட்டி வச்சிருக்கதப் பாத்ததும் எனக்கு மறைக்க முடியலை மாமா. மன்னிச்சிருங்க."

நியாஸ் போன பிறகு மாரிசெல்வி போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்தாள். புறப்படுகிற அன்று அனுப்பிய படம். வள்ளத்து விளிம்பில் உட்கார்ந்து பேச்சிராஜா சிரிக்கிறான். பெரிதாக்கினாள். அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் நீலக்கயிற்றில் முடிச்சு, நுனி இல்லாமல், உருண்டையாக. அந்த முகத்தை எத்தனையோ தடவை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். முழங்காலை ஒருத்தரும் பார்க்கவில்லை.

"எப்பா," என்றாள் மாரிசெல்வி, மெதுவாக. "இந்தப் படத்தை அழிச்சிருதேன். வள்ளத்தைக் கட்டாமலே கொண்டுபோவோம். நியாஸ் அண்ணன் வெளிய சொல்லாது. தண்டலும் சொல்ல மாட்டாரு."

"ம்."

"அண்ணனே குழியத் தோண்டிக்கிட்டான்னு ஊருக்குள்ள பேசுவாவப்பா. அம்மா காசு வெட்டிப் போட்டிருக்கா. அது யாரு பேருல விழுந்ததுன்னு தெரிஞ்சா உசுர விட்ருவா."

"தெரியும்ட்டி."

"அப்போ?"

அவர் போனை வாங்கி அந்த முடிச்சைப் பார்த்தார். சும்மா இருந்தால் மகன் பேர் தப்பும், ஒரு மனுஷன் செய்யாத குற்றத்துக்குக் காலம் பூராவும் கரையில் கிடப்பான். வாயைத் திறந்தால் இந்த வீடு தாங்காது. மகன் மேல் அவருக்குக் கோபம்கூட வந்தது. ஏன்டா, கடலுக்குப் போன பிறகும் தறிக்காரப் புத்தியை ஏன்டா விடலை? உடனே அந்தப் புத்தியை யார் கொடுத்தது என்றும் நினைவு வந்தது. நறுக்காமல் விட்ட முடிச்சுக்குப் புறங்கையில் எத்தனை அடி கொடுத்திருப்பார்.

"கட்டு கட்டுன மாதிரியே இருக்கட்டும்" என்றார்.

இசக்கியம்மாளிடம் இரண்டு நாளும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அவளே கப்பலைத் தன் கல்யாணச் சேலையில் சுற்றிக் கொடுத்து, "அவனை விட்டுறாதிய" என்று சொல்லி அனுப்பினாள்.

தூத்துக்குடி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே போனார். விசாரணை அறையில் மேசைமேல் வைத்துச் சேலையை எடுத்ததும் அதிகாரி எழுந்து நின்றே பார்த்தார். "நீங்களா செஞ்சிய?" என்று கேட்டார். எதிரே காசி, சவரம் செய்யாத முகத்தோடு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவருக்குக் கப்பலைப் பார்க்கத் தாங்கவில்லை.

கோமதிநாயகம் வள்ளத்தைத் தொட்டுக் காட்டினார்.

"ஐயா, தோணியில இந்தக் கட்டைக் கட்டுனது எம்மகன். இந்த முடிச்சு தறிக்காரன் முடிச்சு. நுனியை நறுக்குனா அவுக்க முடியாது. நறுக்கச் சொல்லி அவன் கைக்குப் பழக்கிவிட்டது நான். தண்டல் அவனை இழுத்திருக்காரு, அவன்தான் வரல. எம் மனுவை நான் திரும்ப வாங்கிக்கிடுதேன்."

காசி கண்ணைத் திறந்தார். அதிகாரி அதையெல்லாம் எழுதிக்கொண்டு, சாட்சிப் பொருளாகக் கப்பலை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். கோமதிநாயகம் சேலையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டார்.

வெளியே வேப்பமரத்து நிழலில் காசி பின்னாலேயே வந்தார்.

"ஏன் அண்ணாச்சி சொன்னிய?"

"நீங்க ஏன் சொல்லல?"

"நான் என்ன யோக்கியம்னு சொல்ல? அன்னைக்குக் காலையில அந்தக் கட்டை நானும் பாத்தேன். சுத்தமா கட்டியிருக்கடேன்னு முதுகுல தட்டிக்குடுத்தேன். முப்பது வருசம் கடல்ல கெடந்தவன், ஏலே, அவுத்து வால் விட்டுக் கட்டுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்லா. சரக்கு ஏத்துற அவசரத்துல போயிட்டேன். நீங்க மனு குடுத்தது நியாயந்தான்னுதான் நெனைச்சேன்."

கோமதிநாயகம் அவர் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் ஒரு டீ குடித்தார்கள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தார். இசக்கியம்மாள் நடையிலேயே நின்றிருந்தாள். வெறுங்கையைப் பார்த்தாள்.

"அவன் ஒத்துக்கிட்டானா?"

"அவன் ஒத்துக்கிடுறதுக்கு ஒண்ணும் இல்லட்டி. நாந்தான் ஒத்துக்கிட்டு வந்திருக்கேன்."

உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. கயிறு மாற்றியது, நறுக்கியது, சுட்டது, எல்லாரையும் போகச் சொன்னது, பல்லால் கடித்தது. மாரிசெல்வி அம்மாவின் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள், விழுந்துவிட்டால் பிடிக்க.

இசக்கியம்மாள் விழவில்லை. சேலையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"எல்லாரும் போன பொறவும் நின்னானா?"

"நின்னான்."

"அவுத்துருவேன்னா சொன்னான்?"

"ஆமா."

"எட்டு வயசுலேருந்து முடிஞ்ச பயலாச்சே. நறுக்குன முடிச்சை அவுக்க முடியாதுன்னு அவனுக்குத் தெரியாதா?"

கோமதிநாயகம் தரையைப் பார்த்தார். இரண்டு நாளாக அவர் நெஞ்சுக்குள் கிடந்து அறுத்ததும் இந்தக் கேள்விதான்.

"தெரியும்" என்றார். "அவனுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் எல்லாரையும் போகச் சொல்லியிருக்கான்."

அதற்குப் பிறகுதான் இசக்கியம்மாள் அழுதாள். பத்து மாதத்தில் முதல் தடவையாக, யாரையும் ஏசாமல், மகனுக்காக மட்டும் அழுதாள்.